கோச்சி வராத கடவை

எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உறவினர்களே, அயலவர்களே, இந்தச் சிறு மலரில் மூத்த மகன் நான் நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டார். அப்பாவைப் பற்றி எழுதினால் கிளிநொச்சி ரயில் ஸ்ரேசனைப் பற்றியும் எழுத வேண்டும். இன்று அவரும் இல்லை, அதுவும் இல்லை.

அப்பா மலையகத் தோட்டமொன்றில் பிறந்தவர். இளம் வயதில் கலவரத்துக்குத் தப்பி, ஒரு தகரப்பெட்டியுடன் கோச்சியில் வந்து அந்த ஸ்ரேசனில்தான் இறங்கினார். முதலில் இரணைமடுப் பக்கத்து நெல் மூட்டைகளைக் கோச்சியில் ஏற்றினார். பிறகு, தெரு தண்டவாளத்தைக் கடக்கும் ஸ்ரேசனடிக் கடவையில் கேற் காப்பாளரானார். அம்மாவைக் கைப்பிடித்ததும் எங்களை வளர்த்ததும் அந்த வேலையில்தான். ஸ்ரேசனின் ஆணி ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டு கோச்சி நின்றது. "வாற மாதம் விடுவாங்கள்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னர் செல் குண்டு விழுந்து ஸ்ரேசன் உடைந்தது. தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. எங்கள் குழிக்கும் மாமா இரண்டு துண்டு கொண்டுவந்து போட்டார். அப்பா அந்தத் தண்டவாளத்துக்குக் கீழே இறங்க மறுத்து வெளியே நின்றார். செல் கூவிக்கொண்டு வந்த நேரம் அம்மாதான் கத்தினார்.

"உள்ளுக்கு வாங்கோப்பா. கோச்சி வந்தால் நான் போய்க் கேற்றைப் பூட்டுறன்."

அதற்குப் பிறகுதான் இறங்கினார்.

இடம்பெயர்ந்து கனகராயன்குளம் போனோம், அங்கிருந்தும் ஓடினோம். திரும்பி வந்தபோது ஸ்ரேசன் நின்ற இடத்தில் கற்குவியலும் பற்றையும்தான். ஆனாலும் அப்பா கடவையடிக்கு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டே கடப்பார். பெடியள் சிரிப்பார்கள். அந்தக் கல்லில் ஒன்றையும் எவரையும் தொட விடமாட்டார். "புது ஸ்ரேசனுக்கு அத்திவாரம் போட வேணுமெல்லோ" என்று சண்டைக்கு நிற்பார்.

போன மாரிக்கு முன், பக்கத்து வளவு அண்ணை கிணறு கட்டக் கல் கேட்டு வந்தார். அவருடைய பிள்ளைகள் கலங்கல் தண்ணீர் குடித்து வயிற்றோட்டத்தில் கிடந்தார்கள்.

"கொண்டு போங்கோ தம்பி. இனி ஆருக்கு?" என்றார் அப்பா.

மறுநாள் கடவையடியில் அப்பா சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

சில மாதங்களில் படுத்துவிட்டார். வவுனியாவுக்குக் கொண்டுபோனால் ஏதும் செய்யலாம் என்றார் டாக்டர். சண்டையால் பாதை பூட்டு. அங்கே போக அனுமதிக்கும் பாஸுக்கு எழுதிப் போட்டோம், வரவில்லை. அப்பா கேற்றைப் பூட்டி வழிவிட்ட கோச்சிகளெல்லாம் போன ஊர் அது. காலையில் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறுவதில்லை.

உழவு இயந்திரம் தந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியவர்களுக்கும், இல்லாத மருந்தைத் தேடி அலைந்தவர்களுக்கும், அடுப்பு மூட்டாத வீட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பக்கத்து வளவு அண்ணைக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர் அவர்தான். கொள்ளிச்சட்டியோடு முன்னே போன நான், கடவையைக் கவனிக்காமல் நடந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, நில்லும்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். பாடையைச் சுமந்தபடியே அவர் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஒண்டும் வரேல்லை. போவம்."