பால் பொங்கிய வாடகை வீடும் என் சகலையும்

எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. அதனால் முதலில் வரிசை போட்டுக்கொள்கிறேன். நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

1. சுங்கை செம்பிலாங் வீட்டைத் தேடிப் பிடித்தது நான்.
2. அந்த வீட்டில் பாலைப் பொங்கவிட்டுப் பெயர் வாங்கியது என் சகலை மாணிக்கம்.
3. அந்த வீட்டைப் பிடித்தவன் நான் என்பதை மாணிக்கம் ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை.
4. இருபது வருடமாக எனக்கு அவன்மேல் பொறாமை.

கருகிய பாலின் வாசனை... இப்போதும் எங்காவது அது வந்தால் அந்தச் சமையலறைதான் கண்ணில் நிற்கிறது.

அப்போது நான் புக்கிட் ரோத்தான் பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. எதையும் எழுதி வைத்துச் செய்தே பழகியவன். ஸ்கூல் லீவுக்கு மனைவி வீட்டார் மொத்தமும் ஒரே வீட்டில் இரண்டு நாள் தங்கலாம் என்று பேச்சு வந்தது. பதினெட்டுப் பேர். வீடு பார்க்கும் வேலை மூத்த மருமகனான என்னிடம் வந்தது. நானாகக் கேட்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் அலைந்தேன். கேட்க வேண்டிய கேள்விகள் ஒரு தாளில் இருந்தன. மாமியாருக்குக் கீழே ரூம் உண்டா? பாத்ரூம் தரை வழுக்குமா? தண்ணீர்ப் பக்கம் திறக்கும் கதவுக்குத் தாழ்ப்பாள் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா?

கடைசியில் சுங்கை செம்பிலாங் மீன்பிடிக் கிராமத்தில் ஒரு மாக்சிக்கின் வீடு எல்லாவற்றுக்கும் ஒத்து வந்தது. பக்கத்து வீட்டிலேயே இருந்த அந்த மலாய் அம்மா கேட்டுக்கொண்டது ஒன்றுதான். அடுப்பு புதுசு, பார்த்துப் புழங்குங்கள். நான் உறுதி சொன்னேன்.

யாருக்கு எந்த ரூம் என்று படம்கூட வரைந்து வைத்திருந்தேன்.

ஒன்றை மறந்துவிட்டேன்... பால்.

சாமான்களை இறக்கும்போதே மாமியார் வாசலில் நின்றுகொண்டார்.

"பால் காய்ச்சாம இந்த வீட்டுல எப்படி உலை வைக்கிறது, மாப்ள?"

"ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்த வீடுதானே, அத்தை..."

"அந்த ரெண்டு நாளும் அடுப்பு எரியத்தானே போவுது?"

நான் என் தாளை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மாணிக்கத்தின் கார் வந்தது. என் மனைவியின் தங்கை கணவன். ரவாங்கில் தொழிற்சாலை வேலை. எங்கேயும் கடைசியாகத்தான் வருவான். வந்துவிட்டால் எல்லோரும் அவன் பக்கம் திரும்பிவிடுவார்கள். விஷயத்தைக் கேட்டவன், இறங்காமலே காரைத் திருப்பிக் கடைக்குப் போய் இரண்டு பெட்டி பாலோடு வந்தான்.

"என்னண்ணே, லிஸ்ட்ல பால் இல்லியா? கிராணியே கோட்டை விட்டா நாங்க எங்க போறது லா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சின்னச் சட்டியில் இரண்டு பெட்டியையும் ஊற்றி, தீயை முழுசாகத் திறந்துவிட்டான்.

"மாணிக்கம், அடுப்பு புதுசு..."

"பொங்கட்டும்ணே! பொங்கினாத்தானே நல்லது!"

பொங்கியது. விளிம்பைத் தாண்டிப் புது அடுப்பு முழுக்க ஓடியது. பிள்ளைகள் குதித்தார்கள். மாமியார் கண்ணை மூடிக் கும்பிட்டார். யாரோ போட்டோ எடுத்தார்கள். நடுவில் மாணிக்கம், கையில் கரண்டி.

அந்தப் போட்டோவில் நான் இல்லை. அடுப்பைத் துடைக்கத் துணி எடுக்கப் போயிருந்தேன்.

சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் பின்னால் மீன் படகு பார்க்கப் போனார்கள். நான் மட்டும் உள்ளே. மாக்சிக்குக்குச் சொன்ன சொல் இருக்கிறதே. கருகிய பால் அவ்வளவு லேசில் விடாது. தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஜன்னல் வழியாக மாணிக்கத்தின் குரல் வந்தது. என்ன சொல்கிறான் என்று புரியவில்லை. அப்புறம் பெரிய கைதட்டல். இவனுக்கு இதுவும் கிடைக்கிறதா என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

அதோடு அது 'மாணிக்கம் வீடு' ஆகிவிட்டது. கல்யாணத்தில், தீபாவளியில், எங்கே கூடினாலும் "மாணிக்கம் வீட்டுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா?" என்பார்கள். திருத்த வாயெடுப்பேன். அற்பமாகத் தெரியுமோ என்று மூடிக்கொள்வேன்.

போன லீவில் மாணிக்கத்தின் மகள் கவிதா கோலா சிலாங்கூரில் ஒரு ஹோம்ஸ்டே எடுத்தாள். நீச்சல் குளம், எல்லா ரூமிலும் ஏர்கான். உட்கார்ந்த இடத்திலேயே போனில் முடித்துவிட்டாளாம். வாட்சாப் குழுவில் யாரோ உடனே எழுதினார்கள்: 'மாணிக்கம் வீடு, பார்ட் டூ!'

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த முறை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்தப் பழைய ரூம் படம் பீரோவில் இருந்தது. சாட்சிக்கு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கவிதா என்னைத் தேடித்தான் வந்தாள்.

"பெரியப்பா, ஒருவாட்டி செக் பண்ணுங்க. கீழ ரூம் இருக்கு. பாத்ரூம் வழுக்காது. குளத்துப் பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் உசரத்துல இருக்கு. ஓனர் என் கேள்வியெல்லாம் கேட்டுச் சலிச்சிட்டாரு. சரியா இருக்கா?"

"இதெல்லாம் கேக்கணும்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

"அப்பாதான். வீடு எடுத்தா பெரியப்பா மாதிரி கேட்டு எடுக்கணும்னு எப்பவும் சொல்வாரு. அன்னிக்கு செம்பிலாங்லயே படகுகிட்ட எங்களையெல்லாம் நிக்க வச்சாரே... இது அண்ணன் அலைஞ்சு தேடின வீடு, எல்லாரும் கை தட்டுங்கன்னு. நீங்க அப்ப அங்க இல்லியா?"

நான் எங்கே இருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து மாணிக்கம் கத்தினான். "அண்ணே! பால் வாங்கியாச்சு. இந்தத் தடவ பெரிய சட்டி. வாங்க!"

படத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

அன்று மூன்று ஞாயிறு அலைந்தது, இன்று கைக்குள் முடிகிறது. கேள்விகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. பொறாமை முழுசாகப் போய்விட்டதா என்றால், இல்லை. அவன் சொன்னால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். நான் சொல்லியிருந்தால் தட்டியிருப்பார்களா, தெரியாது.

ஆனால் மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. மாணிக்கம் சொல்லியிருக்கிறான். அந்தக் கைதட்டலை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.