வாசலில் தூவிய கோலமாவு

கறுப்புக் கண்ணாடி போட்டவர்களை நம்புவது எனக்குக் கஷ்டம். எங்கே பார்க்கிறார்கள் என்றே தெரியாது. என் மதினி, அதாவது என் கணவரின் அக்கா, கண் ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த நாளெல்லாம் அந்தக் கண்ணாடியோடுதான் இருந்தார். இப்போது அவரை நினைத்தாலும், அந்தக் கண்ணாடியோடு எங்கள் தலைவாசல் தாழ்ப்பாளில் கை வைத்து நிற்கும் காட்சிதான் முதலில் வருகிறது.

சேவுகம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். நாங்கள் இருப்பது திண்டுக்கல்லில் பழனி ரோட்டை ஒட்டிய சந்தில், இரண்டு அறை வாடகை வீட்டில். அவருக்கு ஒரு நாளைக்கு ஆறு வேளை கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும் என்பதால் நான் ஜவுளிக்கடையில் லீவு போட்டிருந்தேன். கடையில் எனக்கு, வெளியே போகிறவர்களின் பில்லையும் பையையும் ஒத்துப் பார்க்கும் வேலை. வருஷக்கணக்காக அந்த வேலை பார்த்தால், பெற்ற தாயே பையோடு வந்தாலும் உள்ளே எட்டிப் பார்க்கத்தான் தோன்றும். சந்தேகம் எனக்குச் சம்பளத்தோடு சேர்ந்து வந்த பழக்கம்.

அப்போது எங்கள் வீட்டில் முறுக்கு என்று ஒரு பூனைக்குட்டி இருந்தது. வால் நுனி சுருண்டிருந்ததால் மகள் வைத்த பெயர். அதற்கு முன் வளர்த்த பூனை சந்து முனையில் மினி பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது. அதைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தவள் நான். மகள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னொரு முறை அந்தச் சாக்கைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் முறுக்கு வாசலைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தேன். கதவு எந்நேரமும் சாத்தியே இருக்கும்.

மதினி வந்தார், கதவு திறந்தது. "வெளக்கு வைக்கிற நேரத்துல தலவாசலச் சாத்தி வச்சா லச்சுமி எப்படித்தா வருவா? செத்த நேரம் தெறந்து கெடக்கட்டும்" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "குட்டிய இப்படிப் பூட்டி வச்சா அதுக்கு என்ன சொகம்? வெளிய விடு, அது பாட்டுக்குத் திரியட்டும்" என்றும் சொன்னார். அதை நான் மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

சாமி காரியத்தில் அவரோடு மோத முடியாது. நான் வேறு வழி பார்த்தேன். அந்தி நேரத்தில்தான் மகளை டியூஷனிலிருந்து கூட்டி வரப் போவேன். போகும் முன் முறுக்கைப் பிடித்து அடுப்படியில் விட்டுக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். திரும்பி வந்து பார்த்தால் தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கும், உள்ளே குட்டி இருக்காது. ஒரு நாள் பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருந்தது. இன்னொரு நாள் நின்றிருந்த ஆட்டோவுக்கு அடியிலிருந்து இழுத்தேன். வீட்டில் இருந்தது மதினி ஒருவர்தான். கேட்டால், "நான் அந்தப் பக்கமே போகலையே" என்பார், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.

மறுநாள் கிளம்பும் முன் வாசல்படிக்கு உட்புறம் கோலமாவை மெல்லிசாகத் தூவிவிட்டுப் போனேன். குட்டி நடந்து போயிருந்தால் தடம் விழும். வந்து குனிந்து பார்த்தேன். மதினியின் அகலமான பாதம் மட்டும் பதிந்திருந்தது. பூனைத் தடம் ஒன்றுகூட இல்லை. அடுப்படியும் காலி. சாதாரண மனுஷி என்ன நினைப்பாள்? குட்டி இந்த வழியாகப் போகவில்லை என்று நினைப்பாள். நானோ, அப்படியானால் கையில் தூக்கிக்கொண்டு போய் விட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

இந்த முறை தேடியும் முறுக்கு கிடைக்கவில்லை. மகள் அழ ஆரம்பித்தாள். "நீங்களே தூக்கிட்டுப் போயி விட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி ஒக்காந்திருக்கீங்களா மதினி?" என்று கேட்டுவிட்டேன்.

மதினி கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கண்ணில்தான் செத்த நேரத்துக்கு முன்பு மருந்து விட்டிருந்தேன். "நானா?" என்றார். மறுநாள் காலையில், டாக்டர் சொன்ன கெடு முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போதே, தன் தம்பியை, அதாவது என் கணவரை, கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை. மருந்து பாட்டிலை மட்டும் எடுத்துப் பையில் வைத்தேன்.

மூன்றாம் நாள் கேஸ் தீர்ந்தது. அடுப்பு மேடைக்குக் கீழிருந்த சிலிண்டரை உருட்டி வெளியே எடுத்தேன். அதன் பின்னால் சுவரில் ஒரு ஓட்டை. எப்போதோ தண்ணீர்க் குழாய்க்காக உடைத்துவிட்டு அடைக்காமல் விட்டது. ஓட்டையின் விளிம்பில் சாம்பல் நிற முடி ஒட்டியிருந்தது. நான் குத்தவைத்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முறுக்கு வெளியிலிருந்து தலையை நுழைத்தது, பிறகு உடம்பை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து பால் கிண்ணத்தைத் தேடியது. பத்திரமாக இருக்கட்டும் என்று நான் தினமும் கொண்டுபோய் அடைத்த இடம்தான் அதற்கு வெளியே போகும் வழி. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

உடனே போன் போட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்பே மதினி கேட்டார். "பூன கெடச்சுச்சா?"

"வந்துருச்சு மதினி."

"நல்ல வேள. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. நல்லா ரோசிச்சுப் பாத்தேன்த்தா. தீப்பெட்டி எடுக்கப் போயி அடுப்படிய நாந்தான் தெறந்து விட்டிருப்பேன். அந்தக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு எதத் தெறந்தேன், எத மூடுனேன்னு ஒரு நெதானமே இல்ல. பிள்ளய அழ வச்சுட்டேனே."

தீப்பெட்டி எப்போதும் சாமி மாடத்தில்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். ஓட்டையும் என் கண் முன்னால்தான் இருந்தது. இரண்டே வார்த்தை சொன்னால் போதும். நானோ, "பரவால்ல மதினி, விடுங்க" என்றேன். அவர் செய்யாத தப்புக்கு நான் பெரிய மனுஷி மாதிரி மன்னிப்புக் கொடுத்தேன்.

அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. ஓட்டையைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டேன். முறுக்கு பெருத்துவிட்டது, கதவைத் திறந்து போட்டாலும் ஃபேனுக்கு அடியிலிருந்து எழுந்திருப்பதில்லை. போன மாதம் மதினி இன்னொரு கண்ணைக் காட்ட வந்திருந்தார். விளக்கு வைக்கும் நேரம். அவருக்குப் பிடிக்குமே என்று நானே போய்த் தலைவாசலை அகலத் திறந்து வைத்தேன்.

விளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவர் பதறிப்போய்த் திரும்பினார். "சாத்துத்தா, சாத்து. பூன போயிரும். லச்சுமி நம்மள ஒண்ணும் சொல்லமாட்டா."

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. கதவைச் சாத்தினேன்.