இந்த ஊர் ஈ

ஐம்பதுகளின் தொடக்கத்தில் பதுளையில் ஒரு விவசாய அலுவலகத்தில் வேலை பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிப் போனவன் நான். மிளகாய்ச் செடியைத் தின்னும் வெள்ளை ஈயும் புகையிலையைத் தின்னும் வெள்ளை ஈயும் ஒரே இனமா, வேறா என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பறக்கும் ஈக்களில் எந்த வித்தியாசமும் தெரியாது. இலைக்கு அடியில் அவை விட்டுப்போகும் கூட்டை நுணுக்குக்காட்டியில் வைத்துத்தான் பிரிப்பார்கள். மிளகாயில் கூடு வழுவழுப்பாக இருந்தது. புகையிலையில் முள்முள்ளாக இருந்தது.

என்னோடு நாட்கூலிக்கு வேலை செய்தவர் நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்தவர்; பாட்டன் இந்தியாவிலிருந்து கூலிக்கு வந்தவர். நாங்கள் இருவரும் புகையிலை ஈக்களைப் பிடித்து, வலைக்கூண்டுக்குள் மிளகாய்ச் செடியில் விட்டோம். அவற்றின் குஞ்சுகள் விட்ட கூடுகள் வழுவழுப்பாக இருந்தன. அந்த முள் ஈயோடு பிறந்ததல்ல, இலை கொடுத்தது.

எங்கள் அதிகாரியும் யாழ்ப்பாணத்தவர்தான். பார்த்துவிட்டு, "எல்லாம் சரி. ஆனா புகையிலை ஈ இந்தியாவில இருந்து வந்தது. அதை வேறயாவே எழுதும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கண்ணாடித் தகடு உடைந்துவிட்டது.

தோட்டத்து நண்பர் குனிந்து அந்தத் துண்டுகளைப் பொறுக்கினார். தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லையென்று அவருக்குப் பிரஜாவுரிமை மறுத்திருந்தது அந்த வாரம்தான்.

"சார், இந்த ஈ இன்னும் எத்தன தலமொற இங்கயே பொறந்தா இந்த ஊரு ஈ ஆகுமுங்க?" என்று கேட்டார்.

ஈயைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, அதிகாரி உண்மையாகவே யோசிக்கத் தொடங்கினார்.