இரு மாநிலத்து மருந்து

ஒரே நோய்க்கு இரண்டு மாநிலங்களில் இரண்டு மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருந்தும் ஒரு மனிதர் மருத்துவரே இல்லாதவர் போல ஆனது எப்படி? நெய்யாற்றின்கரையில், அவசரப் பிரிவின் கட்டிலருகே நின்றபோது இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது. கட்டிலில் கிடந்தவர் என் அண்ணன்; நான் அவருடைய தங்கை. அவருடைய இரு கைகளும் போர்வைக்கு மேலே நடுங்கிக்கொண்டிருந்தன.

எங்கள் வீடு பாறசாலைக்கு அருகே, கேரளம் முடியும் இடத்தில் இருக்கிறது. வீட்டின் பின்னால் கொஞ்சம் ரப்பர், அதைத் தாண்டி ஒரு கால்வாய். கால்வாய்க்கு அப்பால் தமிழ்நாடு. இரண்டு பக்கத்தையும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளைப் போலப் புழங்குவது எங்கள் வழக்கம். ரேஷன் இந்தப் பக்கம்; கல்யாணத்துக்குப் புடவை அந்தப் பக்கம். எங்கே எது எளிதாகக் கிடைக்கிறதோ அங்கே வாங்குவோம். 'நமக்கு ரெண்டும் உண்டு' என்று சொல்லிக்கொள்வதில் எல்லோருக்கும் ஒரு பெருமை. அண்ணனின் கட்டிலருகே நிற்கும் நாள் வரை அந்தப் பெருமையில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

அண்ணன் டைல்ஸ் பதிக்கும் வேலை செய்பவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலத்தில் அவருக்கு உறக்கம் நின்றுபோனது. பேச்சு பெருகியது. எங்கள் சபையின் ஆலயத் தரை முழுவதையும் தானே கிரானைட் ஆக்கித் தருவதாகச் சொல்லி, ஒரு லாரி கல்லை ஆலய முற்றத்தில் இறக்கினார். பிறகு பல வாரங்கள் படுக்கையை விட்டு எழவே இல்லை. மனநிலை ஏறியும் இறங்கியும் அலைக்கழிக்கும் நோய் இது என்றும், லித்தியம் என்ற மருந்தை விடாமல் எடுத்தால் பழையபடி வேலைக்குப் போகலாம் என்றும் மருத்துவர் சொன்னார்.

விடாமல் எடுப்பதில்தான் சிக்கல் இருந்தது. மனநலப் பிரிவு எங்களுக்குக் கிடைத்தது மாதத்தில் ஒரே ஒரு நாள். அதுவும் இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய ஆஸ்பத்திரியில். அன்று கடையடைப்பு என்றாலோ, பிடித்த வேலை முடியவில்லை என்றாலோ அந்த மாதம் போனதுதான். அந்தப் பிரிவின் பெயர்ப்பலகைக்குக் கீழே வரிசையில் நிற்கும்போது தெரிந்த முகம் எதிரே வந்துவிடக் கூடாதே என்ற அச்சமும் உண்டு. ஆகவே அண்ணனின் மனைவி, என் மதினி, எல்லைக்காரர்களின் வழியைக் கையாண்டார். அவருடைய பிறந்த வீடு தமிழ்நாட்டில், விளவங்கோட்டுப் பக்கம். அங்கிருந்து நடக்கும் தொலைவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேறொரு நாளில் இதே நோய்க்கு மருத்துவர் வருவார். தாய்வீட்டு முகவரியைச் சொல்லி அண்ணனை அங்கேயும் பதிந்தார். இங்கே தவறினால் அங்கே. எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கத்துக்காரர்கள் என்றே சொன்னோம். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. யாரும் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை, நாங்களே நம்பிக்கொண்டோம்.

ஒரு மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் தவறிப்போனது. மருந்து தீர்ந்து நோய் திரும்பியது. அதிலிருந்து மீண்ட பிறகு, இனி எதையும் தவறவிடுவதில்லை என்று மதினி உறுதி எடுத்தார். இரண்டு பக்கத்து மாத்திரைகளையும் வாங்கினார். நிறம் வேறு, அட்டை வேறு, அச்சிட்ட பெயர் வேறு. ஒன்று தலைக்கு, மற்றது உறக்கத்துக்கு என்று அவரே பிரித்துக்கொண்டு, காலையில் ஒன்றும் இரவில் மற்றதும் கொடுத்தார். இரண்டும் ஒரே மருந்து என்று அவருக்கு யார் சொல்லியிருக்க முடியும்? சொல்லக்கூடிய இருவருக்கும் மற்றவர் இருப்பதே தெரியாது.

அன்று காஞ்சிரங்குளத்தில் ஒரு புது வீட்டில் அண்ணனுக்கு வேலை. நான் காட்டாக்கடையில் அலுவலகத்தில் இருந்தேன். முற்பகலில் அவரோடு வேலை செய்பவர் அழைத்தார்.

"மக்கா, அண்ணனுக்கு கை நிக்கல்ல. டைல்ஸ் கோணிக்கோணிப் போவுது. நான் சொன்னா சிரிக்கியாரு. இப்பம் ரெண்டு வட்டம் சர்த்தி வேற. நாங்க நெய்யாற்றின்கரைக்கு கொண்டு போறோம். நீ நேரா அங்க வந்திரு."

இரண்டு முறை வாந்தி என்றதும் உடனே கிளம்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது மதினியும் வந்துவிட்டிருந்தார். பணியில் இருந்த இளம் மருத்துவர் அண்ணனை நிற்கவைத்துப் பார்த்தார், நிற்க முடியவில்லை. என்ன மருந்து எடுக்கிறார் என்று மலையாளத்தில் கேட்டார். மதினி இந்தப் பக்கத்து அட்டையைக் காட்டினார். வேறு எங்காவது மருந்து வாங்குவதுண்டா என்பது அடுத்த கேள்வி.

"இல்ல டாக்டரே," என்றார் மதினி. உடனே என் மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பறையாதே பிள்ளே. பறஞ்சா ரெண்டு வாசலும் அடைஞ்சு போவும். பெறவு நாம எங்க போவோம்?"

அந்த அச்சத்தை அறியாமை என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. மருந்து தீர்ந்த மாதங்களில் எங்கள் வீட்டில் நடந்ததில் பெரும்பகுதியைத் தாங்கியவர் அவர்தான். ஆனால் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டிலிலேயே அண்ணனை இழந்துவிடக்கூடும். நான் வாயைத் திறப்பதற்குள், மதினி மடியில் இருந்த பையைக் காட்டி அண்ணனே பேசினார். நாக்கு தடுமாறியது.

"ஏ பிள்ளே, பையெ திற. டாக்டரே, எனக்கு ரெண்டு சர்க்காரு உண்டு. காலத்தெ கேரளம், ராத்திரி தமிழ்நாடு. ரெண்டும் சேந்து பிடிச்சு ஆட்டுது."

ஊசி போடக் காத்திருந்த நர்ஸ் சிரித்துவிட்டார். மருத்துவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து வந்த மற்ற அட்டையை வாங்கி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மதினியிடம் காட்டினார். இரண்டும் லித்தியம். அளவு மிஞ்சினால் நஞ்சாகும் மருந்து. வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றியதால் அது இன்னும் கூடியிருக்கிறது. இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கச் சொல்லி இரு பக்கத்திலும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். போய்வரும் தொலைவை எண்ணி நாங்கள்தான் அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளியிருந்தோம்.

அண்ணன் தேறினார். வீட்டுக்கு அனுப்பும்போது அந்த மருத்துவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. எந்த மாநிலத்தில் பார்ப்பது என்பது உங்கள் விருப்பம், எங்கே போனாலும் பார்ப்பார்கள். ஆனால் ஒரே இடமாக இருக்கட்டும், அந்த இடத்துக்கு எல்லாம் தெரிந்திருக்கட்டும் என்றார்.

அன்றைக்கே சமையலறையில் வாக்குவாதம் தொடங்கியது.

"எனக்க அம்மைக்க வீடு போரும்," என்றார் மதினி. "அங்க இருந்து நடந்து போவாம். ஆரும் காணவும் மாட்டாவ."

"அங்க நான் ஆரு?" என்று அண்ணன் கேட்டார். "இல்லாத அட்ரஸ்ல இருக்கப்பட்டவன். நான் ஒரு மாசம் போவாம இருந்தா, தேடி ஆளு வரணும்னா, எந்த வீட்டுக்கு வருவாவ? உனக்க அம்மைக்க வீட்டுக்கா? அங்க கோழிதான் இருக்கும்."

"எனக்க அம்மையெ கோழின்னு சொல்லண்டாம்."

"கோழியெ கோழின்னாக்கும் சொன்னேன்."

மதினி சிரித்தார், பிறகு அழுதார். அண்ணன் சொன்னதுதான் எனக்கும் சரியென்று பட்டது. இந்த நோயில், வராதபோது யார் தேடி வருவார்கள் என்பது மருந்தைப் போலவே முக்கியம். ஆனால் இந்தப் பக்கம் என்று முடிவு செய்தால் பழைய தொலைவு அப்படியே நிற்கிறது. அந்தத் தொலைவைக் குறைத்தாக வேண்டும். அந்தப் பொறுப்பை நான் ஏற்றேன்.

எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய இடத்தில் ஒரு சுகாதார நிலையம் உண்டு. காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் போவோம். அங்குள்ள மருத்துவரிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன். மாதந்தோறும் வரும் மனநலக் குழுவை இங்கேயும் வரக் கேட்கலாம், மருந்தை இங்கே வைத்துக் கொடுக்கலாம், இரத்தமும் இங்கேயே எடுக்கலாம் என்றார். ஆனால் ஒருவருக்காக அப்படி ஒரு நாளைக் கேட்க முடியாது. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியவேண்டும்.

வீடு வீடாகப் போய் நலம் விசாரிக்கும் ஆஷா சுகாதாரப் பணியாளர் என்னோடு வெளியே வந்து சொன்னார்: "ஆளு இல்லாம ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும். ஆனா கேட்டா பிரஷர்னு பறைவாவ. உறக்கத்துக்கு குளிகைன்னு பறைவாவ. நீங்க படிச்சவங்க, கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தேன். பல வீடுகளில் தேநீர் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் நடுவயது அம்மா ஒருவர் என்னை வாசலிலேயே நிறுத்தி, "எங்க குடும்பத்தில அப்பிடி ஒண்ணும் கிடையாது மக்களே. கெட்டிக்குடுக்கப் பெண்ணு இருக்கப்பட்ட வீடாக்கும்," என்றார். நான் யாரைப் பற்றியும் எதுவும் கேட்டிருக்கவில்லை. சுகாதார நிலையத்தில் இப்படி ஒரு நாள் வந்தால் நல்லதல்லவா என்று மட்டுமே கேட்டேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அந்த நாளைக் கேட்டு அதிகாரிகளுக்கு மனு எழுதிக்கொண்டே இருப்பேன் என்றேன்.

"எழுது," என்றார். "ஆனா நம்ம ஆளுக்காரு கடுதாசி வாசிச்சு வரமாட்டாவ."

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடியும் முன் சாட்சி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. வேலை கிடைத்தவர், விசா வந்தவர், சர்க்கரை குறைந்தவர் எழுந்து நன்றி சொல்வார்கள். வெளியே சொல்ல விரும்பாத நோய்க்கு 'சரீர சுகவீனம்' என்ற ஒரே பெயர்தான். அந்த ஞாயிறு அண்ணன் எழுந்து மைக்கை வாங்கினார். கூரைமேல் இருக்கும் ஒலிபெருக்கி ஓடிக்கொண்டுதான் இருந்தது; அது அவருக்குத் தெரியும்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். எனக்கு வந்தது மனசுக்க தீனமாக்கும். பிரஷர் இல்ல, சரீர சுகவீனமும் இல்ல. இந்த முற்றத்தில நான் ஒரு லாரி கிரானைட் இறக்கினது ஓர்மை உண்டா? அண்ணைக்கு எல்லாரும் என்னெப் பாத்து விசுவாசம்னு பறஞ்சிய. கல்லெ திருப்பி ஏத்தின அண்ணைக்கு வட்டு, கிறுக்குன்னு பறஞ்சிய. ரெண்டும் இல்ல. அது தீனம்; அதுக்கு மருந்து உண்டு. மருந்து குடிச்சா நான் டைல்ஸ் நேராட்டு போடுவேன். இந்த மருந்து நம்ம ஊரில கிட்டணும்னா ஆளு எண்ணிக்கை வேணுமாம். ஒண்ணு நான். பாக்கி உள்ளவங்க எனக்க தங்கச்சிக்க கிட்ட வந்து சொல்லுங்க. அவ ஆருகிட்டயும் பறைய மாட்டா. நான்தான் பறைவேன், அதனால எங்கிட்ட வரண்டாம்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மதினி முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டு குனிந்திருந்தார். போதகர் சற்றுத் தயங்கி, எழுந்து வந்து அண்ணனுக்காக ஜெபித்தார். 'மனசுக்க தீனம்' என்ற சொல்லை அவரும் அப்படியே சொன்னார். ஆராதனை முடிந்து வாசலில் வழக்கமாக நின்று பேசுபவர்கள் அன்று எங்களிடம் நிற்கவில்லை. நான் விளைவுகளை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் இயல்புடையவள். அண்ணனுக்கு இனி வேலை கிடைக்குமா, அவர் பிள்ளைகளை யாராவது கேலி செய்வார்களா என்றெல்லாம் எண்ணிக்கொண்டே நடந்தேன். மதினி மட்டும் முக்காட்டைத் தள்ளிவிட்டு, அண்ணனின் பக்கத்தில் சாலையின் நடுவிலேயே நடந்தார்.

அந்த வாரத்திலேயே ஒருவர் வந்தார். கெட்டிக்கொடுக்கப் பெண் இருக்கும் வீடு என்று சொன்ன அந்தம்மாதான். பின்வாசல் வழியாக வந்து, "எனக்க வீட்டுக்காரருக்கு. பேரு வெளிய போவாதே மக்களே?" என்றார். பிறகு முக்கில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். தினமும் நெற்றியில் சந்தனம் இட்டுக்கொண்டு கடை திறப்பவர். "உங்க கோயில் மைக்கு எங்க கடை வரெ கேக்கும் கேட்டியளா," என்றார். "பாட்டு கேட்டு கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமதான் எனக்கும் வேண்டிய ஒரு காரியம் கேட்டுது. எனக்க தம்பியையும் சேத்துக்கோ." இன்னும் சிலர் ஆஷா பணியாளரிடமே போய்ச் சொன்னார்கள். சுகாதார நிலையத்து மருத்துவர் போதும் என்றார், மேலே எழுதினார். பதில் வரும்வரை நான் அந்த நிலையத்துக்கும் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

கால்வாய்க்கு அப்பாலிருந்தும் ஒரு பெண் வந்தார். ஒலிபெருக்கிக்கு மாநில எல்லை தெரியாது. "எங்களுக்கும் கிட்டுமா?" என்று கேட்டார். நான் மருத்துவரிடம் விசாரித்தேன். வந்தால் கட்டாயம் பார்ப்போம். வராமல் நின்றுவிட்டால் கால்வாயைத் தாண்டித் தேடிப்போக எங்களிடம் ஆளில்லை என்று நேர்மையாகச் சொன்னார். அதை அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் சொன்னேன். அவரோடு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், இதே கோரிக்கையை அங்கேயும் கொடுத்தேன்.

இப்போது மாதத்தில் ஒரு நாள் எங்கள் சுகாதார நிலையத்தில் மனநலக் குழு அமர்கிறது. அண்ணன் வேலைக்குப் போகும் வழியில் மருந்து வாங்குகிறார். இரத்தமும் அங்கேயே எடுக்கிறார்கள். ஒருமுறை அவர் போகத் தவறியபோது, மறுநாள் ஆஷா பணியாளர் எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். மதினி இப்போது எந்த ஆஸ்பத்திரியிலும் தாய்வீட்டு முகவரியைச் சொல்வதில்லை. கால்வாய்க்கு அப்பால் உள்ள பெண் இன்னமும் பேருந்து ஏறித் தொலைவில் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்; நாங்கள் கொடுத்த கோரிக்கைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை.