இரண்டு பூட்டுப் போட்ட சர்வர்

கணக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது அரை மணி நேர வேலை. ‘டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை’ என்று திரையில் வந்த பிறகு படுகிற பாடுதான் மிச்சத் தொழில். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்று சொல்லியே தொண்டை கட்டிப்போனவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். காரைக்குடியில் அண்ணன் தம்பி இருவர் நடத்தும் மரப்பட்டறை அது. கதவு, நிலை செய்கிறவர்கள். எனக்கு முன்னால் போனவர் அங்கே சொதப்பிவிட்டு வந்ததால், இன்னொரு புகார் வந்தால் எனக்கு வேலை இல்லை என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

நல்ல நேரம்

அண்ணன் முன்கட்டில், தம்பி பின்கட்டில். ஆளுக்கொரு கம்ப்யூட்டர், அது சர்வரோடு சேர்ந்தால்தான் பில் போட முடியும். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் முதல் பில் போட்டாக வேண்டும் என்றார் அண்ணன். என் நேரம், பத்து இருபத்தைந்துக்கு எர்ரர் வந்தது. பாஸ்வேர்டு, ஃபயர்வால் எல்லாம் பார்த்துப் பதினொன்றுக்குச் சரிசெய்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடியும் எர்ரர். அண்ணன் தன் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஒன்பதரைக்குத் திருப்பி வைத்திருந்தார். நேரம் ஒத்துப்போகாத கம்ப்யூட்டரை எங்கள் சர்வர் சேர்த்துக்கொள்ளாது. நான் அழாத குறையாக விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஏம்மா வெசனப்படுறீக, சர்வர் கடியாரத்தையும் ஒம்பதரைக்குத் திருப்பிருங்க.”

நடு அறை

பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சர்வர் யார் பக்கம் இருப்பது என்பதில் தகராறு. கடைசியில் பொதுவான நடு அறையில் வைத்தார்கள். அந்தக் கதவில் ஆளுக்கொரு பூட்டு தொங்கும்.

முதல்முறை கரண்ட் போய் வந்ததுமே எர்ரர். உள்ளே போய் டேட்டாபேஸைக் கையால் ஓடவிட வேண்டும். தம்பி சாவியோடு தயார். அண்ணனோ காளையார்கோவிலில் நிலை பொருத்தப் போயிருந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து, தன் பூட்டோடு மல்லுக்கட்டினார். ஒரு முழம் தள்ளி நின்ற தம்பி என்னைப் பார்த்துச் சொன்னார்:

“அவுக பூட்டு துருப்பிடிச்சிருக்கு, எண்ணெய் விடச் சொல்லுங்க.”

மூன்று டம்ளர்

அதன் பிறகு கரண்ட் போகும்போதெல்லாம் அண்ணன் மனைவி என் செல்லுக்குக் கூப்பிடுவார், நான் ஓடுவேன், இருவரும் வந்து திறப்பார்கள். மூன்றாம் தடவை தம்பியே எண்ணெய்ப் புட்டியோடு வந்து அண்ணன் பூட்டில் விட்டார். நான்காம் தடவை, ஒக்கூர் வீட்டுக் கதவுக்கு எந்தப் பலகை போடலாம் என்று இருவரும் நேருக்கு நேராகவே பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மனைவியாகிய அந்த அக்கா மூன்று டம்ளரில் காபி கொண்டுவந்தார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

டேட்டாபேஸ் தானாகவே ஓட ஒரு செட்டிங் உண்டு என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்திருந்தேன். இனி அறையைத் திறக்கவே வேண்டாம் என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. அப்படியே விட்டுவிடுங்கள் என்றார். புகார் வந்தால் என் வேலை போய்விடும் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்:

“புகார்னா ஒங்க ஆபீசுக்கு நாந்தான் போன் போடணும், நான் போட மாட்டேன். நீங்க ஒண்ணும் செய்யாதீக, கரண்டு போறப்ப அது பாட்டுக்கு நிக்கட்டும்.”

இத்தனை வருடத்தில் தெரிந்தே நான் சரிசெய்யாமல் விட்டுவந்த எர்ரர் அது ஒன்றுதான், கரண்ட் போனால் மனசாரச் சந்தோஷப்படுகிற ஒரே ஆளும் இந்தத் தொழிலில் நானாகத்தான் இருப்பேன்.