நாற்பத்தேழாம் நம்பர் டோக்கன்

பழைய டோக்கன்கள் சேர்க்கலாமென்று இன்று கோவில்பட்டியில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். ஒரு டப்பா நிறையக் கிடந்தன. மலிவானதாக ஒன்றை எடுத்தேன். தேய்ந்த பித்தளை, தீப்பெட்டி ஆபீஸ் (இங்கே தீப்பெட்டித் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்கள்) டோக்கன், நம்பர் 47.

புதூர் பஸ்ஸில் அதைத் துடைத்துக்கொண்டே வந்தேன். கருப்பு போகவில்லை.

முன்சீட்டு அக்கா திரும்பிப் பார்த்தார். “நானும் தீப்பெட்டி ஆபீஸ்லதான் இருந்தேன். காலையில டோக்கன் வாங்கிட்டு உள்ள போவோம். சாயங்காலம் அதைக் கொடுத்தாத்தான் வெளிய விடுவாவ. இது ஏன் தம்பி கருகிக் கெடக்கு?”

“தெரியலக்கா.”

நீட்டினேன். அவர் தொடவில்லை.

“எங்க ஆபீஸ் தீப்பிடிச்ச அன்னைக்கு, திரும்பி வராத டோக்கனை வச்சுத்தான் உள்ள எத்தனை பேருன்னு எண்ணுனாவ.”

வீட்டுக்கு வந்துவிட்டேன். டோக்கன் சட்டைப் பையில்தான் இருக்கிறது. எடுக்கக் கை போகவில்லை.

டப்பாவில் இருந்தவையும் இதே கருப்புதான். மிச்சத்தை நாளை வாங்கிக்கொள்வதாகக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். யாராவது துணைக்கு வருகிறீர்களா?