பாதி ஃபிலிம்

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முதல் நாள் டார்க் ரூமில் சீனியர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது படம் எடுப்பதை அல்ல, ஃபிலிமை வெட்டுவதை. ஃபிலிமுக்கு எப்போதும் தட்டுப்பாடு. வயிற்று வலி என்று ஆண்கள் வந்தால் முழு ஃபிலிம், கிட்னியிலிருந்து மூத்திரப்பை வரை. பெண்களுக்குப் பாதி, இடுப்புப் பகுதி மட்டும்.

"லேடீஸுக்கு வலின்னா கர்ப்பப்பைதான்பா. மேல எடுத்து என்ன பண்ணப் போறே?" என்றார். எனக்கும் நியாயமாகவே பட்டது. வருடக்கணக்கில் வெட்டினேன்.

1. டிரைவர்

கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். டேபிளில் படுக்கவைக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. முழு ஃபிலிமில், சிறுநீர்க் குழாயில் மிளகளவு கல் தெரிந்தது. ஆக்சலேட் கல், முள்முள்ளாக இருக்கும். ஆண்களுக்குத்தான் அதிகம். இறங்கும்போது ஆளை உருட்டிவிடும். (யூரிக் ஆசிட் கல்லாக இருந்தால் படத்திலேயே விழாது, அது வேறு தலைவலி.) நாலாம் நாள் கல் வெளியே வந்துவிட்டது. தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, "இத்துனூண்டு கல்லு சார், இன்னா பேஜார் பண்ணிச்சு" என்று சிரித்தார்.

2. ரூபி டீச்சர்

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்த ரூபி டீச்சர் கத்தவே இல்லை. விட்டுவிட்டுக் காய்ச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு, மந்தமான வலி. பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் இல்லை, அதனால் சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று கூச்சத்தோடு சொன்னார். நான் பாதி ஃபிலிமை வைத்தேன்.

"வலி இன்னும் மேலே தம்பி" என்று விலாவுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினார். மூச்சை அடக்கச் சொல்லிவிட்டு ஸ்விட்சை அழுத்தினேன். படத்தில் ஒன்றுமில்லை என்று அவரிடம் சொன்னேன். கர்ப்பப்பைக்கு மருந்து எழுதிக்கொடுத்தார்கள். அடுத்த ஒன்றரை வருடத்தில் இன்னும் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் பாதி ஃபிலிம்தான், அதே 'ஒன்றுமில்லை'தான்.

நாலாவது தடவை அவருடைய கணவர் தூக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் வீக்கம், ஓயாத வாந்தி. புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டரம்மா முழுப் படம் கேட்டார். டெவலப்பர் கரைசலில் ஃபிலிம் மெல்லத் தெளிந்தது. இரண்டு கிட்னியிலும் மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட கல். சீழ்த் தொற்றால் வளர்கிற இந்தக் கல் பெண்களுக்குத்தான் அதிகம். கீழே இறங்காது, ஆளைக் கத்தவைக்காது, இருந்த இடத்திலேயே கிட்னியைத் தின்றுவிடும்.

டாக்டரம்மா பழைய படங்கள் மூன்றையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல கிட்னி எங்கே?" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே பன்னிரண்டு நாள்தான் இருந்தார். காரியமெல்லாம் முடிந்தபின் கணவர் என்னைத் தேடி வந்தார்.

"மூணு தடவை படம் எடுத்தோமே சார், அப்ப தெரியலையா?"

அப்போது ரொம்பச் சின்னதாக இருந்திருக்கும் என்று பொய் சொன்னேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்றோடு வெட்டுவதை விட்டேன். சீனியர் திட்டினார், திட்டட்டும் என்று இருந்தேன். அதனால் ரூபி டீச்சருக்கு என்ன லாபம்? இந்த வேலைக்கு வருகிறவர்களே, படம் எடுக்காத இடத்தைப் பற்றி 'ஒன்றுமில்லை' என்று சொல்லாதீர்கள். நான் ஒரே மனுஷியிடம் அதை மூன்று தடவை சொன்னவன்.